விசுவாசமும் நடக்கையும்: எங்க சனிக்கிழமை கூட்டத்துல திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்க

தண்டையார்பேட்டையில எங்க வீட்டு மொட்டை மாடியில சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன வேதபாடக் கூட்டம் நடக்குது, பன்னெண்டு வருஷமா. வர்றவங்க பதினஞ்சு பேருக்குள்ள தான், சிஎஸ்ஐ, ஆர்சி, பெந்தெகொஸ்தேன்னு எல்லா சபையும் கலந்து. காசிமேட்டுல மீன் எடுத்து தெருத்தெருவா விக்கிற அக்காங்க இருக்காங்க, ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுற அண்ணன் இருக்காரு, காலேஜ் பசங்களும் வருவாங்க. நான் ஊழியக்காரி கிடையாது, தையல் கடை வச்சிருக்கேன், பைபிளை விடாம படிக்கிறவ, அவ்ளோ தான். வருஷா வருஷம் ஆளு மாறுது, ஆனா கேள்வி அதே தான் வருது, அதனால இங்க எழுதி வைக்கிறேன். கேட்டவங்க வாயில வந்த மாதிரியே கேள்விய போட்டிருக்கேன், பேரு போடல. வசனமெல்லாம் நம்ம வீட்டுல இருக்கிற பழைய மொழிபெயர்ப்புலருந்து.

விசுவாசம்னா கடவுள் இருக்காருன்னு நம்புறது தானேக்கா? அது எனக்கு சின்ன வயசுலருந்தே இருக்கே?

இருக்காருன்னு ஒத்துக்கிறது ஆரம்பம் தான்மா. யாக்கோபு 2:19 எடுத்துப் பாரு, "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன"ன்னு இருக்கும். அதுங்களுக்கும் கடவுள் இருக்காருன்னு நல்லாவே தெரியும்.

நம்ம தெருவுல சீட்டு பிடிக்கிற அக்காவ நினைச்சுக்கோ. அவங்க நாணயமானவங்கன்னு ஊரே சொல்லும், நீயும் ஆமான்னு தலையாட்டுவ. ஆனா மாசம் ரெண்டாயிரம் அவங்க கையில கொண்டு போய் குடுக்கிறியே, அன்னைக்கு தான் நீ அவங்கள நம்புறன்னு அர்த்தம், ஏன்னா அந்தப் பணம் போச்சுன்னா உனக்கு வலிக்கும். பைபிள் சொல்ற விசுவாசம் அந்த மாதிரி. உன் வாழ்க்கையில வலிக்கிற ஒண்ண அவர் சொன்ன வார்த்தைய நம்பி அவர் கையில குடுக்கிறது.

அப்போ நல்லது செஞ்சா மோட்சம் போயிடலாமா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதெல்லாம் செல்லாதுன்றாங்க

ஆன்ட்டி சொல்றது சரி தான், பாதி. எபேசியர் 2:8, 9 ரெண்டும் தெளிவா இருக்கு, கிருபையினால விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம், அது தேவனுடைய ஈவு, கிரியையால, அதாவது நாம செய்யறதால, உண்டானது இல்ல, அதனால யாரும் பெருமை பேச முடியாது. காலண்டர்லயும் வாக்குத்தத்த கார்டுலயும் இந்த ரெண்டு வசனத்தோட நிறுத்திடுறாங்க, எனக்கு அது ரொம்ப நாளா வருத்தம். அடுத்த வசனத்தைப் படிங்க, "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு"ன்னு வருது. நல்லது செஞ்சு அவர்கிட்ட இடம் வாங்க முடியாது, ஆனா அவர்கிட்ட இடம் கிடைச்சவன் நல்லது செய்யத்தான் உண்டாக்கப்பட்டிருக்கான். மூணையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணுங்க.

பவுல் விசுவாசம் போதும்ன்றாரு, யாக்கோபு கிரியை இல்லாட்டி செத்துப்போச்சுன்றாரு, ரெண்டு பேருல யாரு சொல்றது கரெக்ட்?

இந்தக் கேள்வி நமக்கு முன்னாடி பெரிய பெரிய ஆளுங்களையே ஆட்டி வச்சிருக்கு. மார்ட்டின் லூதர் 1522ல புதிய ஏற்பாட்ட ஜெர்மன்ல கொண்டு வந்தப்போ யாக்கோபு நிருபத்தை, அதாவது கடிதத்தை, மத்த நிருபங்களோட வச்சுப் பாத்தா வைக்கோல் நிருபம்னே முன்னுரையில எழுதிட்டாரு. ஆனா ரெண்டு பேரும் ஆபிரகாமைத் தான் சாட்சிக்குக் கூப்பிடுறாங்க, அதுவும் ஆபிரகாம் கர்த்தரை விசுவாசிச்சான், அதை அவர் நீதியா எண்ணினாருன்னு சொல்ற ஆதியாகமம் 15:6ன்ற ஒரே வசனத்தை வச்சு. பவுல் ரோமர் 4ல அந்த வசனத்தோட நிக்கிறாரு, விருத்தசேதனம் பண்றதுக்கு முன்னாடியே ஆபிரகாமை தேவன் ஏத்துக்கிட்டாரு பாருன்னு. யாக்கோபு அங்கருந்து பல வருஷம் தாண்டி 22ம் அதிகாரத்துக்குப் போறாரு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கை பலிபீடத்துல வச்ச நாளுக்கு, அன்னைக்கு அந்தப் பழைய விசுவாசம் உயிரோட தான் இருந்துச்சுன்னு தெரிஞ்சுதுன்றாரு. "நான் இத்தனை சட்டம் கைக்கொண்டேன் எனக்கு குடு"ன்னு கணக்கு காட்டுறவங்களுக்கு பவுல் பதில் சொல்றாரு, பசியோட வந்தவன்கிட்ட "சமாதானத்தோட போ, சாப்பிடு"ன்னு வாயால மட்டும் சொல்லி அனுப்புறவங்களுக்கு யாக்கோபு பதில் சொல்றாரு.

எங்க கூட்டத்துல ஆர்சிக்காரங்களும் இருக்கிறதால இதையும் சொல்லிடுவேன், இந்த விஷயத்துக்காக நானூறு வருஷத்துக்கு மேல சண்டை போட்டுக்கிட்ட கத்தோலிக்க சபையும் லூத்தரன் சபைகளும் 1999 அக்டோபர் 31 அன்னைக்கு ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல ஒரு கூட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. நம்ம தகுதியால இல்லாம கிருபையால ஏத்துக்கப்படுறோம், பரிசுத்த ஆவி நம்மள நற்கிரியைக்கு நடத்துறாருன்னு சேர்ந்து சொல்லிட்டாங்க. எல்லா வித்தியாசமும் தீர்ந்துடல, ஆனா அவங்களே சேர்ந்து நின்ன விஷயத்துல நாம மாடியில உக்காந்து குரலை உசத்த வேணாம்.

தொழில்ல கொஞ்சம் முன்ன பின்ன பேசாம இன்னாக்கா பண்றது, பொய்யே சொல்லாம யாவாரம் ஆவுமா?

கேட்டது மீன் விக்கிற அக்கா தான். கூறு போடும்போது நல்ல மீனை மேல வச்சு நசுங்கினதை அடியில வைக்கிறது, நேத்து மீனை இன்னைக்கு வந்ததுன்னு சொல்றது, தராசுத் தட்டோட எடையையும் மீன் கணக்குல சேர்க்கிறது. நீதிமொழிகள் 11:1 "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு சொல்லுது. உபாகமம் 25ல பையில பெருசும் சின்னதுமா ரெண்டு விதமான நிறைகல் வச்சிருக்காதன்னே எழுதியிருக்கு. பலியையும் பண்டிகையையும் பத்தி பேசுற அதே சட்ட புஸ்தகத்துல தராசும் வருது, அவருக்கு ரெண்டும் ஒரே முக்கியம் தான்.

எங்க கூட்டத்துல இன்னொரு அக்கா இருக்காங்க, கூடையை இறக்கின உடனே "இது நேத்து ஐஸ்ல வச்சது, குழம்புக்கு ஆவும், வறுவலுக்கு வேணாம்"னு சொல்லித்தான் விலை சொல்லுவாங்க. அதனால யாவாரம் பெருகுச்சுன்னு நான் உங்களுக்கு சாட்சி சொல்லப் போறதில்ல, பல நாள் அவங்களுக்கு நஷ்டம் தான், அதையும் நான் கண்ணால பாத்திருக்கேன். நஷ்டம் வந்தாலும் செய்யறாங்க. நேர்மையா இருந்தா ஆண்டவர் ரெண்டு மடங்கா தருவாருன்னு பிரசங்கம் பண்றவங்க அந்த அக்கா கூட ஒரு நாள் வெயில்ல நடந்து பாக்கணும்.

தசமபாகம் கரெக்டா குடுத்துடறேன், கடன் குடுத்தவங்களுக்கு மட்டும் அடுத்த மாசம்னு தள்ளிக்கிட்டே போவுது, பரவாயில்லையா?

தசமபாகம்னா வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை. இதுக்கு என் கதையத்தான் சொல்லணும். ஆறு வருஷம் முன்னாடி டிசம்பர் மாசம், கடையில தலைக்கு மேல வேலை. ஹூக் கட்ட, ஹெம்மிங் பண்ண, ஃபால்ஸ் வைக்க ஒரு பொண்ணு வந்துட்டிருந்தா. சபையில கட்டட நிதிக்கு எழுந்து நின்னு ஐயாயிரம் தரேன்னு சொல்லிட்டேன், எல்லாரும் கை தட்டினாங்க. குடுத்தும் விட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட "கிறிஸ்துமஸ் முடிஞ்சு மொத்தமா வாங்கிக்கோடி"ன்னேன், அவளும் சரிக்கானு போயிட்டா. மக கால் கொலுச அடகு வச்சுத்தான் அந்த வாரம் அரிசி வாங்கினான்னு ஜனவரியில வேற ஒருத்தங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் காணிக்கையா குடுத்தது என் பணமே இல்ல, அவ கூலி. லேவியராகமம் 19:13 அதுக்கு முன்னாடி எத்தனை தடவை படிச்சிருப்பேன், "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது". யாக்கோபு 5:4ல அந்தப் பிடிச்சு வச்ச கூலியே கூக்குரலிடுதுன்னு இருக்கு, யாரு காதுக்கு அது போவுதுன்னு அந்த வசனத்தை முழுசா படிங்க. கொலுச மீட்டுக் குடுத்து அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்போ சனிக்கிழமை மதியம் கூலி குடுக்காம கூட்டத்துக்கு மாடி ஏறுறதில்ல.

அதனால பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியாது. கொர்பான்னு ஒரு பழக்கம் இருந்துச்சு, இது கடவுளுக்கு நேர்ந்தாச்சுன்னு சொல்லி பெத்தவங்களுக்கு செய்ய வேண்டியத நிறுத்திக்கிறது, அதை மாற்கு 7ல இயேசு நேரா கண்டிக்கிறாரு. மத்தேயு 23:23ல ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகத்துல கூட தசமபாகம் எண்ணிக் குடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுட்டீங்களேன்றாரு. குடுக்காதன்னு சொல்லல, "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்"னு அதே வசனத்துல இருக்கு. தேதி சொல்லி வாங்கின கடன், செஞ்ச வேலைக்கு கூலி, இது ரெண்டும் அடுத்தவங்க பணம், அதை எடுத்து வச்சதுக்கு அப்புறம் மிச்சத்துலருந்து காணிக்கை.

வட்டிக்கு விடுறேன் தப்பா? தடைக்காலத்துல நான் குடுக்கலன்னா அவங்க எங்க போவாங்க?

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது, அந்த ரெண்டு மாசம் காசிமேட்டுல எத்தனை வீட்டுல அடுப்பு எப்படி எரியுதுன்னு நமக்குத் தெரியும். குடுக்கிறது உதவி தான்னு நானும் ஒத்துக்கிறேன். ஆனா யாத்திராகமம் 22:25 ஏழைக்குக் கடன் குடுத்தா வட்டி வாங்காதன்னு சொல்லுது. அதுக்கு அடுத்த வசனம் என்னை இன்னும் உலுக்கும், ஒருத்தன் போர்வைய அடகு வாங்கினா பொழுது போறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடு, அவன் வேற எதை போத்திக்கிட்டு தூங்குவான்னு கேக்குது. நம்ம ஏரியாவுல அடகா வாங்கி வச்சிருக்கிறது ஏடிஎம் கார்டு, ரேஷன் கார்டு. போர்வைக்கே அப்படின்னா ரேஷன் கார்டுக்கு என்ன சொல்லுவாரு?

பேங்க் வட்டி மாதிரி நியாயமா, திருப்பிக் கட்ட முடியறவங்ககிட்ட வாங்குறது வேற, அதுல கிறிஸ்தவங்களுக்குள்ள பல கருத்து இருக்கு. வார வட்டி, மீட்டர் வட்டின்னு உறிஞ்சுறதுல ரெண்டு கருத்து கிடையாது, 2003லயே தமிழ்நாட்டுல அதைத் தடுக்க சட்டமும் வந்தாச்சு. வரி வசூல் பண்ற சகேயு இயேசுவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு என்ன சொன்னாரு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தரேன், ஆஸ்தியில பாதிய ஏழைங்களுக்குத் தரேன்னு. அதைக் கேட்ட அப்புறம் தான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது"ன்னு இயேசு சொல்றாரு. பணம் குடுத்து இரட்சிப்ப வாங்கலன்னு முன்னாடியே பாத்தோம். ஆனா இரட்சிப்பு வீட்டுக்குள்ள வந்தா நோட்டுப் புத்தகத்தைத் தொறந்து கணக்கு பாக்க வைக்கும். முதல்ல அந்த கார்டுங்களத் திருப்பிக் குடுங்க, மத்தத அப்புறம் பேசுவோம்.

நல்லா அழுது ஜெபம் பண்றாரு, உபவாசம் இருக்காரு, ஆனா வீட்டுல அண்ணிய அடிக்கிறாரு, அவர விசுவாசின்னு சொல்லலாமா?

அவர் உள்ளத்துல என்ன இருக்குன்னு பாக்குற கண்ணு நமக்கு இல்ல. ஆனா 1 பேதுரு 3:7 மனைவிக்கு கனம் குடுக்கணும், இல்லாட்டி ஜெபத்துக்கே தடை வரும்னு சொல்லுது. அப்போ அடிச்சுட்டு அழுதுக்கிட்டு பண்ற ஜெபத்துக்கு நாம ஆமென் சொல்லி ஏமாத்தக் கூடாது.

அவர் விசுவாசியான்றதை விட முதல்ல பாக்க வேண்டியது அண்ணி பத்திரமா இருக்காங்களான்னு. "பொறுத்துக்கோமா, ஜெபம் பண்ணு, மாறிடுவாரு"ன்னு சொல்லி திருப்பி அதே வீட்டுக்கு அனுப்புற வேலைய சபை பெரியவங்களே செய்யறாங்க, இது பாவம்னு நான் வெளிப்படையாவே சொல்றேன். 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டம் அவங்களுக்காகத் தான் இருக்கு, 181ன்ற நம்பருக்கு எந்நேரமும் போன் பண்ணலாம். கூட யாராவது போங்க, தனியா விடாதீங்க.

குடிய விட்டுட்டேன்னு மூணு தடவ சாட்சி சொல்லிட்டேன், மறுபடி விழுந்துட்டேன், அப்போ எனக்கு விசுவாசமே இல்லையா?

தம்பி, "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்"னு ரோமர் 7:19ல எழுதியிருக்கு, எழுதினது பவுல். அந்த வரி இருக்கிறதால தான் நான் இன்னும் பைபிளை மூடி வைக்கல. கிருபை பெருகட்டும்னு பாவத்துல நிலைச்சு இருக்கலாமான்னு அவரே ஒரு அதிகாரம் முன்னாடி கேட்டு, கூடாதுன்னு சொல்றாரு, அதையும் மறைக்க மாட்டேன். விழுந்து எழுந்திருக்கிறவன் வேற, விழுந்த எடத்துலயே பாய் விரிச்சுப் படுத்துக்கிறவன் வேற. நீ அழுதுக்கிட்டே வந்து கேட்டியே, நீ முதல் ஆளு.

குடி ஒரு நோயும் கூட, டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைச்சல் கிடையாது, சட்டுனு நிறுத்தினா வலிப்பு கூட வரும் சிலருக்கு. மைக் புடிச்சு நாலாவது சாட்சிக்கு அவசரப்படாத.

ஆடி மாசம் எதிர் வீட்டுல கூழ் குடுக்குறாங்க, வாங்கலாமா கூடாதா?

எங்க கூட்டத்துலயே ரெண்டு கட்சி. 1 கொரிந்தியர் 10ல பவுல், விக்கிரகத்துக்குப் படைச்ச பந்தியில பங்கு எடுக்காதீங்கன்னும் சொல்றாரு, நம்பாதவங்க வீட்டுக்குக் கூப்பிட்டா வச்சதை விசாரிக்காம சாப்பிடுங்க, படைச்சதுன்னு ஒருத்தர் சொன்னா அவரோட மனசாட்சிக்காக விட்டுடுங்கன்னும் சொல்றாரு. எட்டாவது அதிகாரத்துல, என் சாப்பாடு இன்னொருத்தனுக்கு இடறலா இருந்தா நான் இறைச்சியே திங்க மாட்டேன்றாரு. எந்தப் பக்கம் நீங்க நின்னாலும் கைய கூப்பி அன்பா சொல்லுங்க. வாங்கி வந்து சாக்கடையில ஊத்துறதை நான் பாத்திருக்கேன், அதுக்கு எந்த வசனமும் கிடையாது.

சாமியே கும்பிடாத யூனியன் தோழர் நம்ம சபை ஆளுங்கள விட நல்லவரா இருக்காரே, அது எப்படிக்கா?

இருக்காரு, ஒத்துக்கோங்க. 2023 டிசம்பர்ல புயல் மழை தண்ணியோட எண்ணூர் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள்ள வந்துச்சே, அப்போ யாரு யாரு வந்து நின்னாங்கன்னு அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். நல்ல சமாரியன் கதையில ஆசாரியனும் லேவியனும் விலகிப் போறாங்க, உதவி செஞ்சவன் யூதருங்க ஒதுக்கி வச்ச ஆளு. ரோமர் 2:14ல நியாயப்பிரமாணம், அதாவது மோசேயோட சட்டம், இல்லாதவங்க கூட அதுல சொன்னதை இயல்பா செய்யறாங்கன்னு இருக்கு. அவர் நல்லவரா இருக்கிறது நம்ம விசுவாசத்துக்கு எதிரான சாட்சி இல்ல, நம்ம நடத்தைக்கு எதிரான சாட்சி.

நான் ஞானஸ்நானம் எடுத்தவ, சர்டிஃபிகேட்ல இந்து எஸ்சி, மாத்துனா பிள்ளைங்க படிப்பு போயிடும், நான் பொய்யா வாழறேனா?

இதுக்கு சுலபமா பதில் சொல்றவங்கள நம்பாதீங்க. 1950ல வந்த ஜனாதிபதி ஆணைப்படி இந்துவா இருந்தா தான் எஸ்சி, 1956ல சீக்கியரையும் 1990ல பௌத்தரையும் சேர்த்தாங்க, கிறிஸ்தவங்கள சேர்க்கல. தமிழ்நாட்டுல எஸ்சியிலருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவங்களுக்கு பிசி தான். 2024 நவம்பர்லயும் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல, கிறிஸ்தவ விசுவாசத்துல இருந்துக்கிட்டு சலுகைக்காக இந்துன்னு சொல்றது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு.

மதம் மாறினா தெருவுல ஜாதி போயிடுதா? போகல, அது எல்லாருக்கும் தெரியும், அந்த ஆணை அநியாயம்னு நான் நினைக்கிறேன். பேப்பர்ல இருக்கிறது உண்மை இல்லைன்னும் எனக்குத் தெரியும், தராசுக்கு சொன்னதை இங்க மட்டும் மாத்தி சொல்ல என்னால முடியல. ஆனா உங்க மேல அந்த பாரத்தை வச்சது யாரு? உண்மையச் சொன்னா பிள்ளைங்க ஃபீஸ நாங்க ஏத்துக்கிறோம்னு எந்த சபையாவது முன்னாடி வந்துச்சா? அது வர்ற வரைக்கும் உங்கள மேடையில வச்சுக் கண்டிக்க ஒருத்தருக்கும் உரிமை இல்ல. ஒரு வக்கீல பாருங்க, அவசரப்படாதீங்க, ஜெபத்துல மறைக்காம பேசுங்க.

எல்லாரும் ஒண்ணுன்னு பாட்டு பாடுறாங்க, பொண்ணு பாக்கும்போது மட்டும் ஜாதி கேக்குறாங்களே?

கேக்குறாங்க. "கிறிஸ்தவர், இன்ன ஜாதி, அதே ஜாதியில வரன் தேவை"ன்னு விளம்பரமே குடுக்குறாங்க, கல்லறையில கூட பிரிச்சு வச்ச ஊருங்க தமிழ்நாட்டுல இருக்கு.

கலாத்தியர் 2 படிச்சிருக்கீங்களா? பேதுரு அந்தியோகியாவுல யூதர் அல்லாதவங்க கூட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தாரு. எருசலேம்லருந்து ஆளுங்க வந்த உடனே பயந்து எழுந்து தனியா போயிட்டாரு. பவுல் எல்லார் முன்னாடியும் அவர நேருக்கு நேரா கேட்டுட்டாரு, "சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி" நீ நடக்கலன்னு. விசுவாசத்தினால தான் நீதிமானாகுறோம், கிரியையினால இல்லன்னு ரெண்டாவது கேள்வியில பாத்தோமே, கலாத்தியர் 2:16ல பவுல் அதைச் சொல்றது இந்தப் பந்திச் சண்டைக்கு நடுவுல தான். யாரு கூட உக்காந்து சாப்பிடுறன்ற கேள்வியில தான் அந்த வாக்கியமே வருது. ராயபுரம்ன்ற பேரே ராயப்பர்லருந்து, அதாவது பேதுருலருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அவ்ளோ பெரிய அப்போஸ்தலரையே ஒரு சாப்பாட்டுப் பந்திக்காகக் கேட்டாங்கன்னா, உங்க வீட்டு சம்பந்தத்தை யாரும் கேக்கக் கூடாதா?

மாமியார் ரெண்டு வருஷமா படுக்கையில, நான் தான் எல்லாம் பாக்குறேன், சபைக்கு வரவே முடியல, ஜெபமும் வரல, விசுவாசம் இருக்கான்னே தெரியல. வேலைய மட்டும் செஞ்சா போதுமாக்கா?

மாற்கு 9:24ல ஒரு அப்பா, பிள்ளைக்காக வந்தவரு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு அழுதுக்கிட்டே சொல்றாரு. இயேசு அவர திருப்பி அனுப்பல, பிள்ளையக் குணமாக்கிட்டாரு. மத்தேயு 25ல நியாயத்தீர்ப்பு நாள்ல வலது பக்கம் நிக்கிற நீதிமான்களுக்கே தாங்க யாருக்கு செஞ்சோம்னு தெரியாது, "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது"ன்னு கேக்குறாங்க. அதனால உனக்குத் தெரியலன்றதுக்காக நீ பயப்படாத.

மோட்சக் கணக்குல போதுமான்னு கேட்டா, நம்ம யாரு செய்யறதும் போதாது, அது முன்னாடியே சொன்னது தான். வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு பதினோரு மணிக்கு நானும் எதிர் வீட்டு அக்காவும் உங்க வீட்டுக்கு வரோம்மா. மாமியாருக்கு உடம்பு துடைக்கிறது, கஞ்சி குடுக்கிறது நாங்க பாத்துக்கிறோம், மாத்திரை எந்த நேரம் எதுன்னு மட்டும் எழுதி வை. நீ மூணு மணி வரைக்கும் தூங்கு.